எச்சரிக்கை பூஜ்ஜியம்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் ஏதோ தத்துவம்போல ஆகிவிடும். அதற்கு அந்தத் தகுதி கிடையாது. ஒரு வரியை நான் படிக்காமலே எழுதினேன். படிக்காமல் எப்படி எழுத முடியும் என்று கேட்பீர்கள். பக்கத்து வரியை நகலெடுத்து ஒட்டினால் முடியும்.

சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. மோட்டார், ஜெனரேட்டர் போன்றவற்றைத் தானாக இயக்கும் பெட்டிகள் செய்கிறோம். பெட்டிக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதன் இயங்குதளத்துக்கு மையமாக இருப்பது கெர்னல். அந்தக் கெர்னலில், எல்லா டெவலப்பர்களும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும்படி ஹெல்பர் பங்ஷன்கள் என்ற சின்னச் சின்ன உதவி நிரல்கள் நிறைய உண்டு. நினைவகத்தில் கொஞ்சம் இடம் வாங்கித் தரும் ஒன்று, நேரத்தைக் கணக்கிட்டுத் தரும் ஒன்று, இப்படி. ஒவ்வொன்றும் என்ன செய்யும், எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது என்று எழுதிவைப்பது என் வேலை. என் சித்தப்பா கல்யாண வீடுகளில் என்னை, "கம்ப்யூட்டர்ல இன்னாவோ எழுதறான்" என்று அறிமுகப்படுத்துவார். நகலெடுத்து ஒட்டிய அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு ரொம்பவே பொருந்தியது.

'எங்கே கூடாது' என்பதுதான் இதில் உயிரான வரி. ரயில்வே கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்ததும் கேட்கீப்பர் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு கேட்டை மூட வேண்டும். டீ வரட்டும் என்று உட்கார்ந்தால் தீர்ந்தது. கெர்னலும் அப்படித்தான். கரண்ட் போய்விட்டது என்பது மாதிரி அவசரச் செய்தி வந்தால், மற்ற வேலையை அப்படியே விட்டுவிட்டு அதற்கென்று எழுதிய சின்ன நிரலை ஓட்டும். அந்த நேரத்தில் அது எதற்காகவும் காத்திருக்கக் கூடாது. காத்திருந்தால் மொத்தப் பெட்டியும் உறைந்து நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு பங்ஷனுக்குக் கீழேயும் 'சூழல்' என்று ஒரு வரி எழுதுவோம். இது காத்திருக்கும், அவசர நேரத்தில் தொடாதே என்றோ, இது காத்திருக்காது, எங்கும் பயன்படுத்தலாம் என்றோ.

என் பக்கங்களைத் தொகுக்கிற நிரல் ஒன்று இருக்கிறது. எங்காவது சூழல் வரி விடுபட்டிருந்தால் மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கை போடும். வரி இருக்கிறதா என்று பார்க்கும்; உண்மையா என்று பார்க்காது. மாதக்கணக்காக அந்த மஞ்சள் என் திரையில் பூசணிப்பூ மாதிரி பூத்துக் கிடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒவ்வொரு பங்ஷனாக உள்ளே புகுந்து பார்ப்பதற்குப் பதில், பார்த்தால் ஒரே மாதிரி இருந்தவற்றுக்கு ஒரே வரியை ஒட்டினேன். சாயங்காலம் எச்சரிக்கை பூஜ்ஜியம். டீம் லீடர் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். நான் லெக் பீஸ் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இது நடந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். செங்கல்பட்டு வீட்டில் காலை இட்லியில் கை வைத்திருக்கிறேன், போன் அடித்தது. எங்கள் டெவலப்பர். அச்சரப்பாக்கத்துப் பெண், பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள். என்னைவிட வயதில் சின்னவள், வேலையில் அப்படி இல்லை.

"அண்ணா, சாப்ட்டியா?"

"சாப்டுகினு கீறேன்."

"நிறுத்து. அந்த மெமரி வாங்கற பங்ஷன், காத்திருக்காதுன்னு போட்டுகீறியே. உள்ள போய்ப் பாத்தியா?"

"பாத்திருப்பேன்."

"பாத்திருந்தா போட்டிருக்க மாட்ட. மெமரி கம்மியா இருந்தா அது காத்துகினு நிக்குது. விடிஞ்சதுலேர்ந்து டேபிள்ல ஒரு பொட்டிய வெச்சிகினு பிளக்கப் புடுங்கிப் புடுங்கி சொருவிகினு கீறேன். அத்தினி வாட்டியும் ஒழுங்கா இருந்துட்டு, இப்ப ஒரு வாட்டி ஹேங் ஆயிடுச்சி."

"கரண்ட் போனா ஓடற நிரல நீ என் பக்கத்தப் பாத்துத்தான் எழுதினியா?"

"பின்ன? ஜோசியம் பாத்தா எழுதுவாங்க?"

நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பாய் ஹேச்சரில இன்னிக்கி ஷட்டவுனு, அண்ணா. ஒம்போது மணிக்கு கரண்ட் நிறுத்திடுவாங்க."

இட்லியைத் தட்டிலேயே போட்டேன். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள். திருவிடந்தை பக்கம் கடலோரத்தில் ஒரு பாய் இறால் குஞ்சு வளர்க்கிறார். போன வாரம்தான் அவருக்கு எங்கள் பெட்டியை மாட்டிக் கொடுத்தோம். தொட்டிகளில் கண்ணுக்குத் தெரியாத அளவில் குஞ்சுகள் நீந்தும். இரவும் பகலும் ப்ளோயர் ஓடி, குழாய் வழியாகத் தண்ணீருக்குள் காற்றைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்று நின்றால் குஞ்சுகள் அடியில் போய்ப் படுத்துவிடும். கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு எழாது. கரண்ட் போனதும் ஜெனரேட்டரைக் கிளப்பி ப்ளோயரை ஓடவைப்பதுதான் எங்கள் பெட்டியின் வேலை. அபாய மணி அடிப்பதும் அதே பெட்டிதான். பெட்டி உறைந்தால் மணியும் அடிக்காது.

பாய்க்குப் போன் போட்டேன். அடித்து அடித்து நின்றது. அவளும் போட்டிருக்கிறாள், எடுக்கவில்லை. அவள் அச்சரப்பாக்கத்திலிருந்து கிளம்பினால் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பக்கத்தில் இருப்பது நான்தான். கை கழுவாமல் பைக்கை எடுத்தேன்.

திருப்போரூர் சாலையில் மணல் லாரிகளுக்கு நடுவே போகும்போதே மனசுக்குள் அந்த வரியைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன். 'இது காத்திருக்கக்கூடும்.' இவ்வளவுதான். இதை உட்கார்ந்த இடத்தில் எழுதியிருந்தால் இப்போது இட்லி முடிந்து காபிக்கு வந்திருப்பேன். வழியில் வருகிற கடைகளிலெல்லாம் டியூப்லைட் எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். எரிந்தால் கரண்ட் இருக்கிறது என்று ஒரு நிம்மதி. அது எந்த லைன், எந்த சப்ஸ்டேஷன் என்ற கேள்வி எல்லாம் பயந்தவனுக்குக் கிடையாது. திருப்போரூர் தாண்டி ஒரு டீக்கடையில் இருட்டாக இருந்தது. வண்டியை ஓரம் கட்டினேன்.

"அண்ணாத்த, கரண்ட் பூட்ச்சா?"

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கரண்ட் கீது. வெளிச்சமா கீற நேரத்துல லைட்டு எதுக்கு?"

உப்பங்கழியைத் தாண்டி ஈசிஆர் கடற்கரைச் சாலையில் ஏறி வடக்கே திரும்பியபோது ஒன்பது மணி ஆகிவிட்டிருந்தது. மின்வாரியம் எப்போதும்போல நேரத்துக்கு வேலை தொடங்கக் கூடாது என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டேன்.

ஹேச்சரி கேட்டில் வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தார். நோய் உள்ளே வரக் கூடாது என்று அங்கே கெடுபிடி அதிகம். செருப்பை வெளியே விட வேண்டும். போனை ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட வேண்டும். ரோஸ் நிற மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு காலையும் நனைத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். கூடையைப் பார்த்தேன். நாலைந்து போன்களுக்கு நடுவே ஒன்று அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. திரையில் எங்கள் கம்பெனி பெயர்.

"அது பாய் போனா?"

"ஆமா சார். ரொம்ப நேரமா அடிச்சிகினே கீது."

"எடுத்துப் பேசக் கூடாதா?"

"அடுத்தவங்க போன நாம எடுத்தா நல்லாவா இருக்கும்?"

என் போனையும் அதிலே போட்டுவிட்டு வலது காலைத் தண்ணீருக்குள் வைத்தேன். அதுவரை அந்த இடம் முழுக்க ஒரு ரீங்காரம் இருந்திருக்கிறது, நின்றபோதுதான் தெரிந்தது. ப்ளோயர் நின்றுவிட்டது. இனி ஜெனரேட்டர் உறும வேண்டும். காது கொடுத்து நின்றேன். அலைச் சத்தம் கேட்டது. காக்கா கத்தியது. வேறு எதுவும் கேட்கவில்லை.

ஓடினேன்.

"சார், இன்னொரு காலு நனைக்கல" என்று வாட்ச்மேன் பின்னால் வந்தார்.

சுவரில் எங்கள் பெட்டி தன் சொந்த பேட்டரியில் விழித்துக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு, அழகான எழுத்து: 'மின்சாரம் உள்ளது. எல்லாம் சரி.' திரையின் கடிகாரத்தில் நொடி நகரவில்லை. எங்கோ கையால் போடும் சுவிட்ச் இருக்க வேண்டும். எங்கே என்று எனக்குத் தெரியாது. கெர்னலுக்கு நான் எழுதியிருக்கிறேன், சுவருக்கு எழுதியதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளப் போனும் இல்லை.

குஞ்சு அறையிலிருந்து பாய் வெளியே வந்தார். கைலியை மடித்துக் கட்டியிருந்தார், முழங்கை வரை ஈரம்.

"இன்னா தம்பி, கரண்ட் பூடுச்சி, பொட்டி இன்னும் கெளப்பல?"

"கிளப்பாது பாய். உறைஞ்சிடுச்சி. கையால போடணும்."

ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து ஒரு சுவிட்சை மேலே தள்ளிவிட்டு ஜெனரேட்டர் ஷெட்டுக்கு நடந்தார். நடந்தார் என்று நான் சொல்கிறேனே தவிர, நான் ஓடித்தான் அவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஜெனரேட்டர் பார்க்கிற ஆளுக்கு அன்று லீவு கொடுத்திருந்தார். பெட்டி வந்துவிட்டதே, இனி ஆள் எதற்கு என்று. சாவி இடுப்பிலிருந்த கொத்தில் இருந்தது. திருகினார். இருமிவிட்டு நின்றது. மறுபடி திருகினார், மறுபடி இருமல். பாய் ஏதோ முணுமுணுத்தார், எனக்காக இருக்காது. அடுத்த முறை பிடித்துக்கொண்டது. ஜெனரேட்டர் கரண்ட்டை ப்ளோயருக்கு மாற்றிவிடும் லீவரைக் கீழே இழுத்தார். அறைக்குள் ரீங்காரம் திரும்பியது.

உள்ளே தொட்டிகளில் காற்றுக் குமிழ்கள் வர ஆரம்பித்திருந்தன. பாய் ஒரு கண்ணாடிக் குவளையில் முதல் தொட்டித் தண்ணீரை மொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தூசு தூசாக ஏதோ துள்ளியது. அடுத்த தொட்டி. அதிலும் துள்ளியது. கடைசித் தொட்டியில்தான் குஞ்சு நெருக்கம் அதிகமாம். அந்தக் குவளையில் பாதி மேலே இருந்தது, பாதி அடியில் சாம்பல்போலப் படிந்துகிடந்தது. அவர் குவளையைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். படிந்ததில் சில எழுந்தன. பிறகு சில. மீதி எழவில்லை.

"இதுல கொஞ்சம் பூடுச்சி" என்றார். என்னிடம் சொல்லவில்லை. குவளையிடம் சொன்னார்.

வெளியே வந்தபோது கூடையில் என் போன் அடித்தது, எடுத்தேன். அவள்தான்.

"இன்னா ஆச்சி?"

"ஓடுது. கடைசித் தொட்டில கொஞ்சம் போச்சி."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அண்ணா, அந்த ஒரு வரி மட்டும்தானா?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம். "இல்ல, இன்னும் கீது" என்றேன்.

பாய் வாசலில் நின்று கை துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கெர்னல், ஹெல்பர் பங்ஷன், ரயில்வே கேட், மஞ்சள் எச்சரிக்கை, எதையும் விடவில்லை. லெக் பீஸை மட்டும் விட்டுவிட்டேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். சில இடங்களில் தலையை ஆட்டினார். புரிந்ததற்கா, என் நிலைமைக்கா என்று தெரியவில்லை.

"ஆக, நீ எழுதினது தப்பு. அத நம்பி அந்தப் பொண்ணு செஞ்சிச்சி."

"ஆமா பாய். அது மேல தப்பு இல்ல."

"சரி."

அந்த 'சரி'க்குப் பிறகு அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். ஒரு காலில் ரோஸ், ஒரு காலில் மண்ணோடு நின்றுகொண்டு நானே கேட்டேன்.

"பொட்டியக் கழட்டி எடுத்துகினு போயிடட்டுமா பாய்?"

"பொட்டி இருக்கட்டும், அடுத்த மாசம் ஷட்டவுனுக்கு ஜெனரேட்டர்கிட்ட நீ வந்து நில்லு."