அம்மன் நனைத்த கரி

தாயை நம்பிப் பிழைக்கிற எல்லாருக்கும் பெங்களூர் ஆஸ்டின் டவுனிலிருந்து செல்வி எழுதுகிறேன். என் மகள் காவ்யாவுக்கு இப்போது மூன்று வயது. போன புரட்டாசி மாதம் அவள் பிழைப்பாளா என்றே எனக்குப் பயம் வந்துவிட்டது.

முதலில் வெறும் இருமல்தான். பிறகு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போய் வரும். "அம்மா, தண்ணி" என்று சொல்வதற்குள் குழந்தைக்கு இளைக்கும். ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்து கொடுத்தால் சரியாகும். வீட்டுக்கு வந்தால் மறுபடியும் அதே கதை.

எங்கள் வீடு ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் பஸ் புகை நேரே உள்ளே வரும். அதனால் ஜன்னலை இறுக்கிச் சாத்தி, இடுக்கிலெல்லாம் துணி திணித்து வைத்தேன். டாக்டரம்மா கன்னடக்காரர். "மனேலி ஹொகே இதியா?" என்று கேட்டார். வீட்டில் புகை உண்டா என்று அர்த்தம். எனக்குச் சுருக்கென்றது.

"இல்ல டாக்டர், கேஸ் அடுப்புதான். எங்க வீட்டுக்காரரு பீடி கூட தொடமாட்டாரு" என்றேன்.

நான் மறைக்கவில்லை. எனக்குத் தெரிந்த புகை அவ்வளவுதான்.

நேரே அம்மன் கோயிலுக்குப் போய் அழுதேன். "தாயே, தினமும் சாயங்காலம் உனக்கு சாம்பிராணி போடறேன். என் கொழந்தைய எனக்குக் குடு" என்று வேண்டிக்கொண்டேன். அதுவரை செவ்வாய், வெள்ளிக்குத்தான் போடுவேன். தலைக்குக் குளித்தால் காவ்யாவின் முடிக்கும் காட்டுவேன். வேண்டுதலுக்குப் பிறகு ஒரு நாள் தவறவில்லை. கரித்துண்டை ஊதி, கைநிறையப் போட்டு, மூலை முடுக்கெல்லாம் காட்டினேன். ஆனால் இழுப்பு குறைவதற்குப் பதில் கூடியது. "உனக்குக் கண்ணே இல்லையா?" என்று படத்தைப் பார்த்துக் கத்தியும் விட்டேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கூரை ஷீட் ஒழுகி, மூட்டையிலிருந்த கரி மொத்தமும் ஊறிப்போனது. எவ்வளவு ஊதியும் பற்றவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவேயில்லை. "ஒரு வேண்டுதலைக்கூட நிறைவேத்த விடமாட்டியாடி?" என்று அம்மனையே சண்டைக்கு இழுத்தேன். வேறு வழியில்லாமல் வெறும் விளக்கை ஏற்றிக் கும்பிட்டேன்.

மழை விடவில்லை, கரி காயவில்லை. காவ்யாவின் இழுப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. ஒரு காலை இட்லி கேட்டு அடம்பிடித்தாள். அடித்தொண்டையில் கத்தினாள்! என் வீட்டுக்காரர் அழுதுவிட்டார்.

வெயில் வந்ததும் நன்றி சொல்ல வேண்டாமா? கரியைக் காயவைத்து, வழக்கத்துக்கு இரண்டு மடங்காகச் சாம்பிராணி போட்டேன். புகையில் அறையே மறைந்தது. உள்ளேயிருந்து அந்த இருமல் கேட்டது. மறுபடியும் அதே இழுப்பு.

அங்கேயே எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஐயோ, என் தாய் பதில் சொல்லிவிட்டாளே! தூபக்காலைத் தூக்கி வெளியே வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். திணித்த துணியைப் பிடுங்கி ஜன்னலைத் திறந்தேன். குழந்தையை வாரிக்கொண்டு டாக்டரிடம் ஓடி, சாம்பிராணி போட்டதையெல்லாம் சொன்னேன்.

"இதைத்தானே அன்னைக்கே கேட்டேன்?" என்று தலையில் கைவைத்தார் டாக்டரம்மா.

"நீங்க புகைன்னு கேட்டீங்க டாக்டர். நான் சாமிக்கு இல்ல போட்டேன்!"

சிரித்துவிட்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். தெரு நெரிசல் குறைகிற நேரத்தில் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார். இன்றுவரை அப்படியே செய்கிறேன். அந்த மருந்தும் அம்மன் கொடுத்ததுதான்.

என் நாத்தனார் மட்டும் விடவில்லை. "சாம்பிராணி இல்லாத வெள்ளிக்கிழமையா? வீடு வெளங்குமா செல்வி?"

"அம்மனே கரிய நனைச்சுட்டா. நீங்க ஏன்க்கா ஊதறீங்க?" என்றேன்.

மூச்சிழுக்கிற பிள்ளையை என்னைப்போல மடியில் வைத்திருக்கும் தாய்மார்களே, அம்மனை நம்புங்கள். டாக்டர் கேட்டால் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி எல்லாவற்றையும் சொல்லுங்கள். கேட்டது கிடைக்கவில்லை என்று நான் கத்திய நாளில்தான் அவள் என் பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

இப்போது எங்கள் வெள்ளிக்கிழமைக்கு விளக்கும் பூவும் போதும். நான் கற்பூரம்கூட ஏற்றுவதில்லை. காவ்யா கைகூப்பி, "தாயே...!" என்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக் கூப்பிடுகிறாள். அவள் சத்தத்தில் எதுவும் கேட்காமல் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்கள். கூட்டட்டும். என் பிள்ளை இன்னும் கத்துவாள்.