வாய்க்கால் சரிவில் கேட்ட மூச்சு

ஆண்டவர் எனக்கு என் மனைவியைத் திருப்பித் தந்தார். அதற்கு நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன். வாசிக்கும்போது சிரிப்பு வந்தால் சிரியுங்கள். அன்றைக்கு எனக்குத்தான் வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பொங்கல் விடுமுறையில் வருடந்தோறும் பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூருக்கு ஒரு சைக்கிள் பந்தயம் நடக்கும். பந்தய சைக்கிள் வைத்திருக்கும் பயில்வான்கள், பால்காரர்கள், பெண்கள், நாற்பது தாண்டியவர்கள் என்று யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். என் மனைவி எஸ்தர் ஆசிரியை. தினமும் பள்ளிக்குச் சைக்கிளில் போகிறவள். அந்த வருடம் பேர் கொடுத்துவிட்டாள். அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. தனியே அனுப்பப் பயந்து, தொப்பையோடு நானும் பேர் கொடுத்தேன்.

அவள் சுடிதாரில் பை இல்லை. இன்ஹேலரை என் சட்டைப்பையில் போட்டாள்.

"பக்கத்துலயே வாங்க. யாரையாவது கண்டு பேசிக்கிட்டு நின்னுராதீய."

தலையாட்டினேன். பெண்களையும் எங்களையும் ஒன்றாகத்தான் விட்டார்கள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் அவளுடைய மஞ்சள் சுடிதார் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. நான் மிதித்தேன். என் சைக்கிள் முனகியது. எனக்கு உள்ளே ஒரே படபடப்பு. அதை மறைக்கச் சத்தமாகக் கீர்த்தனை பாடிக்கொண்டே போனேன். முன்னால் போகிறாள், பிடித்துவிடலாம், முன்னால்தான் போகிறாள்.

ஆழ்வார்திருநகரியில் ஒரு பந்தல் போட்டிருந்தார்கள். குறுக்கு வழியில் வந்து யாரும் ஏமாற்றக் கூடாது என்று, பந்தலைக் கடக்கும் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் சிவப்புச் சாயம் வைப்பார்கள். சாயக் கிண்ணத்தோடு நின்ற பெரியவரிடம் கேட்டேன்.

"மஞ்சச் சுடிதார் போட்ட டீச்சர் போயாச்சா, அண்ணாச்சி?"

"பொம்பளையாளுவள்ல மூணு பேருக்கு வச்சேன். மஞ்சள்ல யாரும் வரல."

"நல்லாப் பாத்தீரா?"

"பாக்கதுதான்வே எனக்கு வேலையே. கைய நீட்டும்."

நான் கையை நீட்டவில்லை. கை தானாகச் சட்டைப்பையைத் தடவியது. மருந்து என்னிடம் இருக்கிறது. அவள் இங்கு வரவில்லை. அப்படியானால் வழியில் எங்கோ அவளைத் தாண்டி வந்திருக்கிறேன்.

சைக்கிளைத் திருப்பினேன். எதிரே வந்தவர்களுக்கெல்லாம் நான் நல்ல வேடிக்கை.

"வே, பந்தயம் அந்தப் பக்கமுல்லா போகுது?"

"அண்ணாச்சிக்குப் பரிச வீட்டுல கொண்டு வந்து குடுப்பாங்களாம், விடுலே."

மற்ற நாளாக இருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்றைக்கு அதற்கு நேரமில்லை. சைக்கிளை நிறுத்தி நிறுத்தி வாழைத் தோட்டங்களுக்குள் பார்த்தேன். மணல் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின.

எங்கள் சபையில் நீண்ட ஜெபத்துக்குப் பேர் போனவன் நான். நான் எழுந்து நின்றாலே, இனி வீட்டுக்குப் போன மாதிரிதான் என்று பின் வரிசையில் பெருமூச்சு விடுவார்கள். அன்றைக்கு எனக்கு வந்த ஜெபம், ஜெபமே அல்ல. பேரம். ஆண்டவரே, காப்பியை விட்டுவிடுகிறேன். ஆலய மணி அடிப்பவரைக் கேலி செய்வதை விட்டுவிடுகிறேன். அதுவும் தீர்ந்தபோது வாயில் ஒரு சொல்தான் மிச்சம். எஸ்தர். எஸ்தர். எஸ்தர்.

ஜெபம் என்றால் கண்ணை மூட வேண்டும் என்று ஞாயிறு பள்ளியில் பழக்கியிருந்தார்கள். சைக்கிள் ஓட்டும்போது மூடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மூடினேன். முன்சக்கரம் சாலையை விட்டு இறங்கியது. சைக்கிளும் நானுமாக வாய்க்கால் சரிவில் உருண்டோம். உதவி கேட்டவனைத் தள்ளிவிடுகிறீரே என்று ஆண்டவரிடம் கோபித்துக்கொண்டேன். நிஜமாகவே கோபித்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம். கீச்சுக் கீச்சென்று, காற்று நுழைய இடமில்லாத சத்தம்.

சிறிய பாலத்துக்கு அடியில், சுவரில் சாய்ந்து எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். உதடு கறுத்திருந்தது. சைக்கிள் நாணலுக்குள் கிடந்தது. லாரிப் புழுதி நெஞ்சை அடைக்கவும், முகம் கழுவ இறங்கியிருக்கிறாள். ஏற முடியவில்லை. சாலையிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மருந்தை அவள் வாயில் வைத்து அழுத்தினேன். மறுபடியும் அழுத்தினேன். அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்ல மூச்சு உள்ளே இறங்கியது.

"நீங்க பாடிக்கிட்டே போனீய," என்றாள். "கூப்பிட மூச்சு வரல."

அதைக் கேட்டு அழுதேன். இப்போது எழுதும்போதும் கண் கலங்குகிறது.

வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு வள்ளியூர் வேன்காரர், என் கூச்சல் கேட்டு நிறுத்தினார். "ஏறுங்க அண்ணாச்சி. அம்மாவப் பைய ஏத்துங்க. தார் நசுங்கினா நசுங்கட்டும்," என்றார். ஸ்ரீவைகுண்டம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் மருத்துவர். சாயங்காலம் அவள் இட்லி கேட்டாள். இந்தப் பூமியில் அதைவிட இனிமையான வார்த்தையை நான் கேட்டதில்லை.

அடுத்த வருடமும் அவள் பேர் கொடுத்தாள், பை வைத்துத் தைத்த சுடிதாரோடு. நான் தடுக்கவில்லை. விசுவாசம் வந்தால் பயம் போய்விடும் என்பார்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை. இரண்டும் ஒரே சைக்கிளில் டபுள்ஸ் போகின்றன. மிதிப்பது விசுவாசம் என்பதுதான் மாற்றம். சபையில் என் ஜெபமும் சுருங்கிவிட்டது. பின் வரிசைக்காரர்கள் அதையே பெரிய அற்புதம் என்கிறார்கள்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது, யாரையோ தேடி எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருக்கலாம். வார்த்தை வரவில்லையே என்று கலங்காதீர்கள். அந்தப் பேரை மட்டும் சொல்லுங்கள். அவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஆண்டவருக்குத் தெரியும்.