சாம்பலிலும் விழுந்த வளையம்

ஆம்பூரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையின் மதில். மதிலை ஒட்டி ஓர் ஆவாரம் புதர். யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. அது பாட்டுக்கு மஞ்சளாகப் பூத்துக்கொண்டிருந்தது. என் பிஎச்.டி. ஆராய்ச்சியே ஆவாரையைப் பற்றித்தான். கைக்கெட்டும் தூரத்தில் செடி இருக்கும்போது யாராவது பஸ் ஏறிக் காட்டுக்குப் போவார்களா? நான் போகவில்லை.

பகலில் ஒரு கல்லூரியில் வேதியியல் பாடம் எடுப்பேன். வகுப்பு முடிந்ததும் அங்கேயே ஆய்வகத்தில் என் சொந்த வேலை. முப்பது வயது தாண்டிய ஒரு பெண் தென்காசிப் பக்கமிருந்து இவ்வளவு தூரம் வந்து தனியாக என்ன செய்கிறாள் என்று கேட்காதவர்கள் இல்லை. ஆனால் கேட்டவர்கள் யாரும் பதிலுக்காக நின்றதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் வாய் திறந்து பேசுவது பால்காரரிடம் மட்டும்தான். அவரும் அரை லிட்டரா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். தனிமை பழகிவிடும் என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் எல்லோரும் வீடு நிறைய ஆட்களோடு இருந்தவர்கள். எனக்குப் பழகவில்லை.

மாடியில் வீட்டுக்கார ஆன்ட்டி. கணவர் தவறிவிட்டார், மகன்கள் துபாயில். ஒருநாள் நான் இலை பறித்துக்கொண்டிருந்தபோது மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா பண்றே அங்க?"

"ஆராய்ச்சிக்கு இலை பறிக்கிறேன் ஆன்ட்டி."

"ஆடுகூடத் தொடாது அத. அதுல போயி ஆராய்ச்சியா?" என்று சிரித்தார்.

அன்று சாயங்காலமே மேலே கூப்பிட்டு, அதே புதரின் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்த கஷாயத்தை டம்ளரில் நீட்டினார். "சுகருக்கு நல்லது. ஆவாரை பூத்திருக்க சாவாரைக் கண்டதுண்டோன்னு உங்காளுங்கதானே சொல்வாங்க?" என்றார். எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. கஷாயமும் வாயில் வைக்க முடியவில்லை. ஆனாலும் ஆராய்ச்சிக்குத் தினமும் ருசி பார்ப்பது நல்லது என்று சொல்லிவைத்தேன். எந்த ஆய்வேட்டிலும் ருசிக்கு அத்தியாயம் கிடையாது. அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் மாடிப்படி ஏறினேன். மட்டன் விலை, தண்ணீர் வராத பேஜார், போனில் அவசரமாகப் பேசி வைக்கும் மகன்கள் என்று அவர் பேசுவார். நான் டம்ளரை மெதுவாகக் காலி செய்வேன்.

ஆய்வகத்தில் நான் செய்தது எளிய வேலைதான். இலையைக் காயவைத்துப் பொடித்து, கஷாயம் போலத் தண்ணீரில் காய்ச்சி, வடித்துச் சுண்டவைப்பேன். கிருமிகளை வளர்த்த தட்டில் அந்தச் சாற்றைச் சொட்டு விடுவேன். சாறு கிருமியைக் கொன்றால், சொட்டைச் சுற்றித் தெளிவான ஒரு வளையம் விழும். வளையம் எவ்வளவு அகலமோ அவ்வளவு வீரியம். ஆவாரையில் டேனின் உண்டு, ஃபிளேவனாய்டு உண்டு, சுமாரான வளையம் விழும் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் தட்டில் விழுந்தது சுமாரான வளையம் அல்ல. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். ஆன்ட்டியிடம்தான் போய்ச் சொன்னேன். ஒன்றும் புரியாவிட்டாலும் "மாஷா அல்லா" என்று என் தலையைத் தடவினார்.

வேலூரில் இருந்த என் நெறியாளருக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. "இவ்ளோ பெருசாவா? வேற எடத்து எலையும் எடுத்துப் பாருங்கம்மா" என்றார். இந்த மனுஷனுக்கு எதுவுமே நல்லதாகத் தெரியாதா என்று திட்டிக்கொண்டே ஆலங்காயம் போனேன். மலையடிவாரத்தில் பறித்து வந்த இலையில், புத்தகங்களில் இருக்கிற மாதிரி சின்ன வளையம்தான் விழுந்தது. காய்ச்சியதில் தப்பு என்று மறுபடி காய்ச்சினேன். மறுபடியும் அதேதான்.

பிறகு இரண்டு ஊர் இலைகளையும் உலையில் வைத்துச் சாம்பலாக்கினேன். நெருப்பில் மருந்துச் சத்தெல்லாம் எரிந்துபோகும். உலோகமும் உப்பும்தான் மிஞ்சும். ஆலங்காயம் சாம்பலைக் கரைத்துத் தட்டில் சொட்டு விட்டேன், வளையம் இல்லை. மதிலோரச் சாம்பலைக் கரைத்து விட்டேன். முன்பு பார்த்த அதே வளையம் கிட்டத்தட்ட அப்படியே விழுந்தது. சாம்பலான பிறகும் கொல்கிறது என்றால் கொல்வது செடியல்ல. தோல் பதனிட ஒரு காலத்தில் ஆவாரம் பட்டைதான், பிறகு குரோம் உப்பு வந்தது என்று வகுப்பில் நானே பாடம் நடத்தியிருக்கிறேன். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து புதரின் மண்ணில் எது ஊறியிருக்கும், வேர் எதை உறிஞ்சியிருக்கும் என்று எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

ஆராய்ச்சி போனது வருத்தம்தான். அதற்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய பயம் வேறு. அந்தப் புதரின் பூவைத்தான் ஆன்ட்டியும் தினமும் என்னோடு சேர்ந்து குடிக்கிறார். சொன்னால் கஷாயம் நின்றுவிடும். கஷாயம் நின்றால் நான் மாடி ஏற ஒரு காரணமும் இல்லை. இந்த ஊரில் என்னை எதிர்பார்த்து ஒரு கதவு திறப்பது அங்கே மட்டும்தான். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். வந்ததும் நேராக மாடிக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

ஆன்ட்டி அடுப்பை அணைத்தார். கஷாயத்தைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் பாத்திரத்தை ரொம்ப நேரம் தேய்த்தார்.

"முன்ன எப்பவாச்சும்தான் போடுவேன்" என்றார், திரும்பாமலே. "நீ வர ஆரம்பிச்சப்புறம்தான் தெனம். எனக்கும் அது புடிக்காதும்மா, கசப்பு ஜாஸ்தி."

பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினார்.

"சரி, நாளைலேர்ந்து இன்னா சொல்லி வருவே?"

"பார்க்கலாம் ஆன்ட்டி" என்று உளறிவிட்டுக் கீழே வந்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவர் செருப்புச் சத்தம் மாடிப்படி வரை வந்து திரும்பிப் போனது. நானும் வாசல் வரை போய்த் திரும்பினேன். பிஸ்கட் வாங்கிக்கொண்டு போகலாமா, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லலாமா என்று யோசித்தேன். படித்த படிப்புக்கு ஒரு நல்ல பொய்கூட வரவில்லை. கடைசியில் வெறுங்கையோடு ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவர் முதலில் என் கைகளைத்தான் பார்த்தார்.

"இன்னாம்மா?"

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி. சும்மாதான் வந்தேன்."

கதவை முழுசாகத் திறந்தார். "வாடகை, கரண்டு, ரிப்பேருன்னு வேலையா வர்றவங்க வர்றாங்க" என்றார். "சும்மா வர்றதுக்குத்தான் ஒருத்தரும் இல்ல."

துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய், நான் உட்காருவதற்காக நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளினார்.