எங்கள் வீட்டு விரிகோணம்

பெங்களூரில் ஜனவரி மாதக் காலையில் கல்தரையில் வெறுங்காலோடு நின்றால், குளிர் உள்ளங்காலில் தொடங்கி முழங்கால் வரை ஏறும். இது எனக்குத் தெரிந்திருப்பதற்குக் காரணம் ஒரு முக்கோணம்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டு ஓட்டுக்கூரையின் முகப்பு சப்பையான முக்கோணமாக இருந்தது. தெருவில் காணும் முக்கோணம் ஒன்றை வரைந்து, கோணம் பார்த்துப் பெயர் எழுதிவரும்படி எங்கள் கணக்கு டீச்சர் எஸ்தர் சொன்னபோது அதையே வரைந்து, உச்சி அகன்றிருந்ததால் "விரிகோண முக்கோணம்" என்று எழுதினேன். அவர் சிவப்பு மையால் அதை அடித்து, "குறுங்கோணம்" என்று திருத்தினார். கீழ் மூலைகள் இரண்டும் கூர்மை, அகலமானது ஒன்றுதான், ஆகவே எது அதிகமோ அதன் பெயர்தான் என்பது அவர் விதி. நகரசபைத் தேர்தலுக்கு நல்ல விதி. எந்த முக்கோணத்திலும் இரண்டு மூலையாவது கூர்மையாகத்தானே இருக்கும், அப்படியானால் உலகில் வேறு முக்கோணமே கிடையாதா என்றேன். "என் பேரில்தான் தப்பு" என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கும்வரை வகுப்புக்கு வெளியே கல் வராந்தாவில் நிற்கும்படி தீர்ப்பாயிற்று. நான்காம் நாள் பரீட்சை. வெளியே நிற்பவளுக்கு வினாத்தாள் கிடையாது.

மூன்று நாள் நின்றேன். "சும்னே ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு வாயேன், கை என்ன தேஞ்சா போயிடும்?" என்றாள் அம்மா. தண்டு என்கிற கன்டோன்மென்ட் ஆபீஸில் தலையாட்டியே பதவி உயர்வு கண்ட அப்பா, "வெளியில 'சரிங்க'ன்னு சொல்லு, பாப்பா. மனசுக்குள்ள என்ன வேணா சொல்லிக்கோ" என்றார். மனசுக்குள் சொல்லிக்கொள்ளும் வித்தை எனக்கு இன்றுவரை வரவில்லை. வாசகர்கள் அதன் பலனை அனுபவிக்கிறார்கள்.

பரீட்சையன்று வாசற்படியில் நின்று கேட்டேன்: "டீச்சர், உங்க விதிப்படி ஒரு விரிகோண முக்கோணம் போர்டுல போட்டுக் காட்டுங்க. உடனே எழுதிக் குடுத்துடறேன்."

போட்டார். கீழே இரண்டு மூலையும் கூர்மை. அழித்துவிட்டு இன்னும் சப்பையாகப் போட்டார். அவை இன்னும் கூர்மையாயின. வகுப்பில் யாரோ இருமினார்கள். சாக்பீஸை வைத்துவிட்டு, என் பக்கம் பாராமலே, "பேப்பர் வாங்கிட்டு உக்காரு. வாய் காதுவரைக்கும் இருக்கு" என்றார்.

அந்தப் பரீட்சையில் நான் வாங்கிய மார்க்கைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

இப்போது அந்த ஓட்டு முகப்பு இல்லை. இடித்து, மொட்டைமாடி வைத்துக் கட்டிவிட்டார்கள். எந்த மூலையும் சண்டைக்கு இடம் தராத வீடு. பள்ளி வராந்தாக் கல்லின்மேல் சிமெண்ட் பூசியாயிற்று. நோட்டைக் கறையான் தின்றது, சிவப்பு மையோடு சேர்த்து. இத்தனை வருஷத்தில் எத்தனையோ அபத்தங்களை எழுதிவிட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் எழுதவில்லை. எழுதுவதாகவும் இல்லை.