ஹார்பரில் மழை வெறித்த நேரம்

1. "லைட் ஷவர்தான் கேப்டன்"

டிஸ்பாட்ச் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் ஃபியூயல் கணக்கைத்தான் முதலில் கேட்பார்கள். நான் முதலில் சொல்வது, முதல் வருஷம் நான் சொன்ன ஒரு பொய்யை.

தூத்துக்குடி வாகைக்குளம் ஏர்போர்ட்டில் ஒரு விமானக் கம்பெனியின் டிஸ்பாட்சர் நான். புறப்படும் விமானத்துக்கு வெதர், எரிபொருள், இங்கே இறங்க முடியாவிட்டால் எங்கே போவது என்ற திட்டம் எல்லாம் எடுத்துக் கொடுக்க வேண்டும். வரும் விமானத்தோடு கம்பெனி ரேடியோவில் பேச வேண்டும். அதிகாரப்பூர்வமான வெதர், ஏர்போர்ட்டின் கன்ட்ரோல் டவர் கொடுப்பதுதான். ஆனால் அந்த ரிப்போர்ட் அரை மணிக்கு ஒருமுறை வரும். மழை அப்படி மணி பார்த்தா வருகிறது? அதனால் கேப்டன்கள் என்னையும் கேட்பார்கள்.

அது ஐப்பசி மாதம். சென்னையிலிருந்து மத்தியான ஏடிஆர் விமானம் வந்துகொண்டிருந்தது. கேப்டன் ராகவன் ரேடியோவில் கேட்டார். "தூத்துக்குடி, ஃபீல்டு எப்படி இருக்கு?"

ஜன்னலுக்கு வெளியே கிழக்குப் பக்கம் கருகருவென்று இருட்டிக்கொண்டு வந்தது. நான் சொன்னேன்: "லைட் ஷவர்தான் கேப்டன், கடந்து போயிரும்."

வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை. எங்கள் வீட்டுப் பழக்கம் அது. அப்பா கப்பலில் போனவர். அவர் போன் பண்ணினால் அம்மா ஒரே பதில்தான் சொல்வாள்: "இங்கன ஒண்ணுமில்ல, எல்லாரும் நல்லாருக்கோம்." கூரை ஓடு பறந்த அன்றைக்கும் அதே பதில்தான். தண்ணியில் நிற்கிற மனுஷன் மனசு கலங்கக் கூடாது என்று எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் பேசுவார்கள். அந்தப் பேச்சு எனக்குத் தெரியாமலே ரேடியோவுக்கும் வந்துவிட்டது.

என்னை நம்பி கேப்டன் கீழே இறங்கி வந்தார். ரன்வே தெரியவில்லை. மேலே ஏறினார். சுற்றி மறுபடி வந்தார், மறுபடியும் தெரியவில்லை. கடைசியில் திருவனந்தபுரம் போய் இறங்கினார். டாங்கில் மிச்சமிருந்த எரிபொருள் மிகக் குறைவு; அளவை இரண்டு தடவை கேட்டுத்தான் எழுதினேன்.

சாயங்காலம் போன் பண்ணினார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"நீங்க பார்த்ததைச் சொல்லலம்மா. எனக்கு எது நல்லா இருக்கும்னு நினைச்சீங்களோ அதைச் சொன்னீங்க. பின்னாடி அறுபத்தெட்டு பேர் இருந்தாங்க."

ஸ்டேஷன் வெதரை நம்ப முடியாது என்று ரிப்போர்ட்டும் எழுதிவிட்டார். நியாயம்தான்.

2. நோட்டு

அழுதேன். அப்புறம் ஒரு நோட்டு வாங்கினேன்.

எங்கள் ஊரில் வடகிழக்கு மழை கடலிலிருந்து வரும். ஹார்பர் முதலில் நனையும், பிறகு டவுன், அதற்குப் பிறகுதான் வாகைக்குளம். விடுவதும் அதே வரிசைதான். ஹார்பரில் கப்பல்களை இழுக்கும் டக் போட்டுக்கு மாஸ்டராக இருப்பது என் அண்ணன் சேவியர். அங்கே மழை நின்ற நேரத்தை அவனிடம் கேட்டு எழுதுவேன். இங்கே நின்ற நேரத்தை நானே பார்த்து எழுதுவேன்.

"ஏளா, ஒரு நாளைக்கு நாலு போன் போடுதியே! நான் கப்பல இழுக்கவா, ஒனக்கு மழை பாக்கவா?" என்பான். ஆனால் ஒரு தடவைகூடச் சொல்லாமல் இருந்ததில்லை.

அடுத்த ஐப்பசிக்குள் நாற்பத்தொரு வரி சேர்ந்துவிட்டது. கம்பெனியோ கேப்டனின் ரிப்போர்ட்டைப் பார்த்து வேறு முடிவுக்கு வந்திருந்தது. மாதக் கடைசியோடு ரேடியோ வேலை சென்னைக்கு, நான் செக்-இன் கவுண்டருக்கு. மேனேஜர் செல்வராஜ் சார் உத்தரவுக் கடிதத்தோடு என் அறைக்கு வந்தார்.

"நான் என்னம்மா செய்ய? மேல உள்ளவங்க சொல்லுதாங்க" என்றார்.

நான் கையை நீட்டவும் ரேடியோ கரகரத்தது. கேப்டன் ராகவன்.

3. "எத்தனை தடவை தப்பாச்சு?"

வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. ஹார்பர் நேரத்தை அண்ணனிடம் கேட்டு எழுதி வைத்திருந்தேன். அவர் மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தார். மதுரையிலும் இடி மழை. நின்று பார்ப்பதா, இப்போதே திருவனந்தபுரம் திரும்புவதா என்று அவர் முடிவெடுக்க வேண்டும்.

"தூத்துக்குடி, என்ன பார்க்கிறீங்க?"

"கேப்டன், கெட்டதை முதல்ல சொல்றேன். மணி ரெண்டு இருபது. பலத்த மழை. ஜன்னல்லருந்து விண்ட்சாக்கே தெரியல. ரெண்டாவது, ஹார்பர்ல ரெண்டு பத்துக்கு மழை வெறிச்சிருச்சு. என் நோட்டுப்படி, அங்க வெறிச்சு இருபத்தஞ்சுலருந்து முப்பத்தஞ்சு நிமிஷத்துல இங்க விடும். மூணாவது, பின்னால இன்னொரு மழை நிக்குதான்னு தெரியாது. ரெண்டு முப்பதுக்குக் கேட்டுச் சொல்றேன்."

கேப்டன் திரும்பக் கேட்டார்.

"நோட்ல எத்தனை தடவை எழுதியிருக்கீங்க?"

"நாப்பத்தொரு தடவை."

"எத்தனை தடவை தப்பாச்சு?"

பக்கத்தில் மேனேஜர் கடிதத்தோடு நிற்கிறார். ரெண்டு மூணு என்று சொல்லிவிடலாம், யார் எண்ணப் போகிறார்கள்?

"ஏழு தடவை, கேப்டன்."

"ஏழுன்னு சொன்னீங்களே, அதுக்காக நிக்கிறேன். ரெண்டு ஐம்பது வரைக்கும். அதுக்கு மேல ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன்."

இரண்டு முப்பதுக்கு அண்ணனைக் கூப்பிட்டேன். "ஏளா, கெழக்க நல்லா வெளுத்துட்டு. கடல் ரொம்ப தூரம் வரைக்கும் தெரியுது. பின்னால ஒண்ணும் வரல" என்றான். அப்படியே ரேடியோவில் சொன்னேன்.

இரண்டு நாற்பதுக்கும் மழை விடவில்லை. மேனேஜர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. "ரெண்டு நாப்பது. இன்னும் விடல, கேப்டன்" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு நாற்பத்து மூன்றுக்கு காற்றின் திசை காட்டும் விண்ட்சாக்கின் ஆரஞ்சுத் துணி மங்கலாகத் தெரிந்தது. அடுத்து வேலி, அதற்கப்பால் உடைமரங்கள். டவர் புது விசிபிலிட்டி கொடுத்தது. கேப்டன் இறங்கத் தொடங்கினார். தண்ணீரை இரண்டு பக்கமும் வாரியடித்துக்கொண்டு ஏடிஆர் ரன்வேயில் ஓடியபோது நான் "மாதாவே!" என்று கத்தியது செக்-இன் வரைக்கும் கேட்டதாம். கேட்டால் கேட்கட்டும்!

கேப்டன் நேராக என் அறைக்கு வந்து நோட்டை வாங்கிப் பார்த்தார். தப்பான ஏழு வரிகளையும் சிவப்பு மையில்தான் எழுதியிருந்தேன். எண்ணிப் பார்த்தார். மேஜையிலேயே உட்கார்ந்து தன் ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதினார்: "ஸ்டேஷன் கெட்ட செய்தியை முதலில், நேரத்தோடு சொன்னது."

செல்வராஜ் சார் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "கவுண்டருக்கு வேற ஆள் பாத்துக்கிடுதேன். மேல நான் பேசிக்கிடுதேன்" என்றார். பேசினார். ரேடியோ இன்றைக்கும் என் மேஜையில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் வரும் கேப்டன்கள் இப்போதெல்லாம் வணக்கத்துக்கு முன்னால் கேட்பது, "மேடம், ஹார்பர்ல என்ன?"

பிள்ளைகளே, நான் கற்றது இவ்வளவுதான். கெட்டதை முதலில் சொல்லுங்கள், பார்த்த நேரத்தோடு சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். மேலே பறப்பவர் கலங்க மாட்டார். முடிவெடுப்பார்.

அன்று சாயங்காலம் அண்ணன் டக்கிலிருந்து வீட்டுக்குப் போன் பண்ணினான். அம்மா வழக்கம்போல, "இங்கன ஒண்ணுமில்ல ராசா, எல்லாம் நல்லாருக்கு" என்று ஆரம்பித்தாள். நான் போனைப் பிடுங்கினேன்.

"அண்ணே, மணி ஆறு பத்து. அடுக்களையில ரெண்டு எடத்துல ஒழுகுது. பெரிய ரூம்பு எப்படின்னு இன்னும் பாக்கல."

அம்மா என்னை முறைத்தாள். அந்தப் பக்கம் அண்ணன் சிரித்தான்.

"சரி ஏளா. வரும்போது தார்ப்பாய் எடுத்துட்டு வாரேன்."