எடைமேடைக்காரரின் டிவி கார்டு

“தம்பி, வண்டி வந்துடுச்சு. ஆனா ஹாரன் அடிக்கல” என்று எடைமேடைக்காரர் போனில் சொன்னால், கணினித் திரையில் படம் வருகிறது, சத்தம் வரவில்லை என்று பொருள். “ஒரே புழுதியா இருக்கு” என்றால் படம் தெளிவாக இல்லை. “மேடை ஏறவே மாட்டேங்குது” என்றால் டிவி காட்டும் மென்பொருள் திறக்கவே இல்லை. வீட்டுக்குள்ளிருந்து பேசுகிறார், மனைவி காதுபடப் பேசுகிறார் என்று புரிந்துகொண்டு நானும் லாரி பாஷையிலேயே பதில் சொல்ல வேண்டும். எனக்குக் கணினி பழுது பார்க்கத் தெரியுமே தவிர லாரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒருமுறை அவசரத்தில் “டயரைக் கழட்டி மாட்டுங்க” என்று சொல்லிவிட்டேன். அவர் கீபோர்டைக் கழற்றி மாட்டிவிட்டு, மறுநாள் கடைக்கு வந்து, “ஒண்ணும் நடக்கலையே” என்று நின்றார்.

சரக்குக் கிடங்குகளுக்குப் போகிற சாலையில் எடைமேடை ஒன்று இருக்கிறது. லாரி ஏறி நின்றதும் கண்ணாடி அறைக்குள்ளிருந்து எடையைச் சொல்லுகிறவர் அவர். லோடு வண்டியை எடை போடும்போது ஓட்டுநரும் கிளீனரும் உள்ளே உட்கார்ந்துகொள்வதும், காலி வண்டியை எடை போடும்போது இறங்கிக்கொள்வதும் சரக்கின் எடையைக் கூட்டிக் காட்டும் பழைய தந்திரம். அவரிடம் பலிக்காது. இரண்டு தடவையும் எல்லோரையும் இறக்கி, தம் கண்ணெதிரே நிற்க வைத்துவிட்டுத்தான் பொத்தானை அமுக்குவார். சொந்த மச்சானின் வண்டியையே வரிசையில் பின்னால் போகச் சொன்னவர். ஓட்டுநர்கள் அவருக்கு ‘முள்ளு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தராசு முள் யார் பக்கமும் சாயாது. அந்தப் பெயர் அவருக்குத் தெரியும், பிடிக்கவும் செய்யும். சட்டைக் காலரை வேறு யாராலும் சரியாகத் தேய்க்க முடியாது என்று தாமே தேய்த்துப் போடுவார். எதை முடித்தாலும் “சொன்னா சொன்னதுதான்” என்று ஒரு முத்திரை விழும்.

அப்படி ஒரு முத்திரையோடுதான் வீட்டிலிருந்து டிவி வெளியேறியது. மகளுக்குப் பள்ளியின் கடைசி வருடம். பரீட்சை முடிகிற வரைக்கும் வீட்டில் டிவி கிடையாது என்று சொல்லி, தாமே தூக்கிக்கொண்டு போய்த் தம்பி வீட்டில் வைத்துவிட்டு வந்தார். “அவளுக்குப் பரீட்சை, சரி. எனக்கு எதுக்கு தண்டனை?” என்று மனைவி கேட்டார். வீட்டுக்கு ஒரு சட்டம்தான் என்று பதில் வந்தது. மகள் ஒன்றும் கேட்கவில்லை. வாரம் ஒருமுறை ஒரு பாட்டுப் போட்டியை மட்டும் விடாமல் பார்க்கிற பெண் அவள்.

பிரிண்டருக்கு மை வாங்க வந்தவர், போகிற போக்கில் கேட்பதுபோல என்னிடம் கேட்டார்: “கம்ப்யூட்டர்ல டிவி தெரியற மாதிரி ஏதோ கார்டு இருக்காமே? எங்க ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டாரு.” உள்ளங்கை அகலமுள்ள டிவி டியூனர் கார்டு ஒன்றை எடுத்துக் காட்டினேன். கணினிக்குள் ஒரு பள்ளத்தில் இதைச் செருகி, வெளியே தெரியும் முனையில் கேபிள் வயரைச் சொருகி, மென்பொருளைப் போட்டுவிட்டால் கணினியே டிவியாகிவிடும் என்றேன். ஆபீஸ்காரர் மிகவும் சந்தோஷப்படுவார் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். பிறகு தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டு, “அந்த ஆபீஸ்காரர் நான்தான் தம்பி” என்றார்.

செய்தி கேட்க என்று நினைத்தேன். கிரிக்கெட்டாக இருக்கலாம் என்றும் நினைத்தேன். அதெல்லாம் இல்லை. மாலையில் வருகிற ஒரு நெடுந்தொடர். மனைவி பார்க்கும்போது பேப்பரை விரித்துக்கொண்டு, “இதுங்க அழுது அழுதே வீட்டை மூழ்கடிச்சிடும்” என்று கேலி பேசிக்கொண்டே பேப்பருக்கு மேலாக வருடக்கணக்கில் பார்த்திருக்கிறார். டிவி போன பிறகுதான் அந்த நேரத்துக்குத் தாம் காத்திருப்பது அவருக்கே தெரிந்திருக்கிறது. இதைச் சொல்லும்போது கடையில் கிடந்த மவுஸ் ஒன்றின் வயரைச் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார். “பழகிடுச்சு” என்றார்.

வீட்டில் யாருமில்லாத ஒரு பகலில் போய்க் கார்டைப் பொருத்திக் கொடுத்தேன். படுக்கையறை மூலையில் கணினி. முன்பு டிவிக்கு வந்த வயரை பீரோவுக்குப் பின்னால் விட்டு இழுத்துக்கொண்டோம். திரையை அவரே சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். அன்று முதல் மாலை வேளைகளில் அவருக்கு எடைமேடைக் கணக்கு நிறைய வந்துவிட்டது. காதில் ஹெட்போன் எதற்கு என்று மனைவி கேட்டதற்கு, வெளிச்சத்தம் கேட்டால் கூட்டல் தப்பிப் போகும் என்று சொன்னாராம்.

மகளின் பள்ளியில் புது விண்டோஸ் கேட்டார்கள். கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார், போட்டுக் கொடுத்தேன். அதற்கேற்ற புது மென்பொருளைக் கார்டு கம்பெனி அப்போது வெளியிட்டிருக்கவில்லை. பழையதை வைத்து ஓட்டியதில் படம் வந்தது, சத்தம் போய்விட்டது. அதோடு, கணினியைப் போடும்போதெல்லாம் திரையின் ஓரத்தில் ஒரு கட்டம் எழும்பி, டிவி கார்டு ஒன்று இருக்கிறது, அதற்குச் சரியான டிரைவர் இல்லை என்று அறிவித்தது. கார்டும் கணினியும் ஒன்றையொன்று அடையாளம் தெரிந்துகொள்ள உதவும் சின்ன மென்பொருள்தான் டிரைவர். “உங்க பொண்ணு உட்கார்ந்தாலும் அதே கட்டம்தான் வரும் அண்ணே” என்று சொன்னேன். அதையெல்லாம் அவள் கவனிக்க மாட்டாள், படிக்கிற பிள்ளை என்றார். “டிரைவர் இன்னும் வரலையா தம்பி?” என்று போனில் கேட்பதற்கு மட்டும் அவருக்கு மறைமொழி தேவைப்படவில்லை.

புதிய பதிப்பு வந்ததும் ஒரு வட்டில் எழுதிக் கொடுத்தேன். வட்டின் மேல் எதுவும் எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். செய்முறையைச் சொன்னேன். முதலில் பழையதை நீக்க வேண்டும். கணினியை அணைத்துப் போட வேண்டும். பிறகு புது டிரைவர். மறுபடியும் அணைத்துப் போட்டு, அதற்குப் பிறகுதான் டிவி மென்பொருள், கடைசியில் சேனல் தேடல். “உங்க மேடை மாதிரிதான். வெறும் வண்டியை எடை போடாம லோடை எடை போட்டா கணக்கு வருமா?” தலையாட்டிக்கொண்டே கேட்டார். வீட்டுக்குப் போய்ப் பழையதை நீக்காமலே அதன் தலையில் புதியதைப் போட்டார்.

காரணத்தைக் கறப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அணைத்துப் போட்டால் கணினி எழுந்து வர நேரமாகும். எழுந்து வந்ததும் இந்த மென்பொருள் தானாகவே திரை முழுக்க விரிந்து, உரக்கச் சத்தம் போட்டுத் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். அந்த நேரத்தில் யாராவது உள்ளே வந்துவிட்டால்? ஆகவே ‘இப்போதே அணைத்துப் போடவா, பிறகு பார்க்கலாமா’ என்று கணினி கேட்கும்போதெல்லாம் ‘பிறகு’ என்பதையே அமுக்கியிருக்கிறார். அரைகுறையாக ஏறிய புதியதும் சரியாக இறங்காத பழையதும் உள்ளே சண்டை போட்டுக்கொண்டிருந்தன. நான் வந்து செய்து தருகிறேன் என்றேன். “நீங்க வந்தா எதுக்குன்னு கேப்பாங்க.” சத்தமில்லாமலே தொடர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில்தான் சாப்பாட்டு வேளையில் வாய் தவறினார். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு வந்த தொடரின் கதையை மனைவி மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்: வீட்டுப் பத்திரத்தை மூத்த மருமகள்தான் ஒளித்து வைத்தாளாம். “அவ இல்ல, அவ நாத்தனாரு” என்றார் இவர், தட்டிலிருந்து தலையெடுக்காமல். இரண்டு பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். லாரிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள் என்று சமாளித்தாராம். “லாரிக்காரங்களுக்கு வேற வேலை இல்லையா?” என்று மனைவி கேட்டார். மகள் எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு களை.

“ரீஸ்டார்ட், ரீஸ்டார்ட்னு பயமுறுத்தினீங்களே, நான் போட்டது கடைசில பிடிச்சிடுச்சு பாத்தீங்களா? ஹாரன் கணீர்னு இருக்கு.”

இனிமேல் அது திரை முழுக்க விரிந்து மானத்தை வாங்குவதில்லையாம். மூலையில் சின்னக் கட்டமாக, சத்தமில்லாமல் திறக்கிறதாம். தொடர் வருகிற சேனல்தான் பட்டியலில் முதலில் நிற்கிறதாம். பெருமையைச் சொல்லி முடிக்கவில்லை அவர். குரலைத் தணித்துக்கொண்டு, “புது சாஃப்ட்வேர் பயங்கர புத்திசாலி தம்பி. எனக்கு எப்ப சாயங்கால ஷிப்டுன்னு அதுக்கே தெரியுது. அந்த நாள்ல மட்டும் தானா ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கு” என்றார்.

திருகிக்கொண்டிருந்த திருப்புளியை நான் கீழே வைத்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் நாளைக்கு வேறு ஏதாவது கோளாறென்று வந்தால் நான் ஒரு பொய்யைக் கட்டிக் காக்க வேண்டியிருக்கும். அது தானாகச் செய்யாது, யாராவது உட்கார்ந்து நாளையும் நேரத்தையும் குறித்துக் கொடுத்தால்தான் செய்யும் என்றேன்.

“வீட்டுக்காரிக்கு மவுஸே பிடிக்கத் தெரியாதே” என்றவர் அத்தோடு நிறுத்திவிட்டார். சிரிப்பு மட்டும் முகத்தில் இன்னும் கொஞ்ச நேரம் மிச்சமிருந்தது. பிறகு, ஏதோ பழுதைச் சொல்லுகிறவர்போல மெதுவாகக் கேட்டார்: “எல்லா சேனலும் வருது. அந்தப் பாட்டுப் போட்டி வர்றது மட்டும் இல்ல. அது ஏன் வரல?”

தேடவிட்டால் எல்லாமே வரும், ஒன்று மட்டும் இல்லையென்றால் யாரோ கையால் எடுத்திருக்கிறார்கள் என்றேன்.

“அது எம் பொண்ணு பாக்கறது.”

நாற்காலியை இழுத்து, தெருவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். ஒரு வாடிக்கையாளர் வந்து ஏதோ விசாரித்துவிட்டுப் போனார். அவர் போகும்வரை குனிந்தே இருந்தவர் சொன்னார்: “மேடைல எவனாவது நான் பண்ணின மாதிரி பண்ணியிருந்தா, நாலு பேர் கேக்கற மாதிரி கூப்பிட்டு இறக்கியிருப்பேன் தம்பி. அவ ஒரு வார்த்தை கேக்கல. உக்காந்து சரி பண்ணிக் குடுத்திருக்கா.” டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். “பையை எடுத்துக்கிட்டு வாங்க. கார்டைக் கழட்டிடலாம்.”

மனைவியும் மகளும் வீட்டில் இருக்கும் நேரத்தில் நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. கதவைத் திறந்தது மகள். என்னையும் பையையும் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள், “சாரிப்பா. கேக்காம உங்க கம்ப்யூட்டரைத் தொட்டுட்டேன்” என்றாள்.

அவர் செருப்பைக் கழற்றவும் மறந்து வாசலில் நின்றார். சமையலறையிலிருந்து வந்த மனைவியிடம்தான் முதலில் பேசினார். இந்தக் கம்ப்யூட்டரில் டிவி தெரியும், இத்தனை நாளாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒரே மூச்சில், எடையை வாசிப்பதுபோல் சொல்லிவிட்டார். அந்த அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“லாரிக்காரங்க பேசிக்கிட்டாங்க, இல்ல?”

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். நான் கணினியைப் போட்டுப் பார்த்தேன். பழையதன் சுவடே இல்லாமல் நீக்கி, ஒவ்வொன்றையும் அதனதன் வரிசையில் போட்டிருந்தாள். நான் செய்திருந்தாலும் இதற்கு மேல் சுத்தமாக இருந்திருக்காது. கழற்றச் சொன்னார். மகள் குறுக்கிட்டு, கழற்றிவிட்டால் மறுபடியும் எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டியிருக்கும், அம்மாவாவது பார்க்கட்டும் என்றாள். 

“அப்ப அந்தப் பாட்டு சேனலையும் போட்டுடும்மா.”

“பரீட்சை முடியட்டும்ப்பா” என்றாள், மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்லுகிற குரலில். தன் அறைக்குப் போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.

தொடருக்கு நேரமாகியிருந்தது. மனைவிக்காகத் திரையை அறைப்பக்கம் திருப்பி, மேசையை முன்னால் இழுத்தார். பீரோவுக்குப் பின்னாலிருந்து வருகிற வயர் அதோடு இழுபட்டு, முனையிலிருந்த இணைப்புப் பின் விட்டுப்போனது. படம் நடுங்கிப் புள்ளி புள்ளியாகச் சிதறியது. நான் பையைத் திறந்து புதுப் பின் ஒன்றைத் தேடி எடுத்தேன். ஒரு நிமிட வேலை. வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

“இருக்கட்டும். நான் பிடிச்சுக்கறேன்.”

மேசைக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்துக் குனிந்து நின்று, வயரின் முனையை இரண்டு விரலால் கார்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். படம் நடுக்கமில்லாமல் நின்றது. மனைவி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கழித்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “இவ எப்ப ஆஸ்பத்திரிலேருந்து வந்தா?” என்று பொதுவாகக் கேட்டார்.

“போன வாரம்” என்றார் அவர், சுவரிடம். பிடித்திருந்த கையை மட்டும் அசைக்கவில்லை.