எத்தொந்தி கொதிக்கவைக்காத வேர்

கட்டையின் முனையை நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு, எத்தொந்தி பக்கத்தில் துப்பினாள்.

“கடல் இன்னும் போகல. ஒரு வாரம் ஊறட்டும்.”

வூரி ஆற்றின் முகத்துவாரத்தில் ஒதுங்கும் கட்டைகளையும் வேர்களையும் பொறுக்கிவந்து, துவாலா நகரத்து வீடுகளின் மீன்தொட்டிக்கு ஏற்றபடி பக்குவப்படுத்தித் தருவது அவள் பிழைப்பு. ஆற்று மீனுக்கு உப்பு ஆகாது. அதனால் முதலில் நாக்கு. அடுத்து விரல்முட்டி. தட்டினால் கணீரென்று கேட்கவேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே மக்கல். அது அடுப்புக்குப் போகும். தேறியதை மடியில் கிடத்தி, பழைய பல்பிரஷ்ஷால் ஒவ்வொரு பிளவாகத் தேய்ப்பாள். “பொந்துக்குள்ள என்னத்த ஒளிச்சு வச்சிருக்க? காட்டு!” என்று கட்டையையே அதட்டுவாள்.

கடைசியில் கொதி. கல்யாணத்துக்குச் சமைக்கிற அளவு குண்டான். கட்டை வேக வேகத் தண்ணீர் கறுந்தேநீராகும். கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீர் ஊற்றுவாள். மறுபடி கறுக்கும், மறுபடி கொட்டுவாள். நீர் கண்ணாடியாக நிற்கும்வரை ஓயமாட்டாள்.

கட்டை வாங்க வரும் மீன்கடை ந்தும்பேவுக்கு அது ஒரு வேடிக்கை.

“அக்கா, இன்னொரு கொதி வச்சா கட்டையே குழம்பாயிடும். மரவள்ளி வாங்கிட்டு வரவா, தொட்டுச் சாப்பிட?”

“வாங்கிட்டு வா. உன் கடைத் தண்ணிக்கு இந்தக் குழம்பு எவ்வளவோ மேல்.”

அவள் கணவன் எக்வல்லா காட்டோடைகளில் வயிறு சிவந்த சின்ன மீன்களைப் பிடித்து விற்றவன். போன மழைக்காலத்துக் காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. அவன் கடைசியாகப் பிடித்த ஒரு ஜோடி மட்டும் முன்னறைத் தொட்டியில் இருந்தது. அவற்றுக்கென்று பொறுக்கிய கட்டையை ஏழு தடவை கொதிக்கவைத்துப் போட்டிருந்தாள். தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியாது; அத்தனை தெளிவு. ஆனாலும் மீன்கள் நாளுக்கு நாள் வெளுத்தன. ஒரு முட்டைகூட இல்லை.

“சொன்னா மனசு கஷ்டப்படும் அக்கா,” என்றான் ந்தும்பே. “பொட்டை வயித்துல சிவப்பே இல்ல. ரெண்டும் இந்த மாசம் தாண்டாது. வேற ஜோடி தர்றேன்.”

“இது அவரு கை பட்ட மீனுடா. நீ குடுக்கிறதுல அவரு கை இருக்குமா?”

அன்று மாலை கட்டிலுக்கடியிலிருந்து ஒரு வேரை இழுத்தாள். எக்வல்லா ஓடையிலிருந்து கடைசியாகக் கொண்டுவந்தது. அவன் வெட்டுக்கத்தியின் தடம் அதில் அப்படியே இருந்தது. எத்தனையோ கட்டைகளைக் கொதிக்கவைத்த அவளுக்கு அதை மட்டும் குண்டானில் போட மனம் வந்ததில்லை. மண்ணை மட்டும் தேய்த்துக் கழுவினாள். காய்ந்த வேர் மிதக்குமே என்று தூண்டில் நரம்பால் ஒரு கல்லோடு கட்டித் தொட்டிக்குள் இறக்கினாள்.

“போறதுன்னா அவரு வேருகிட்ட இருந்தே போங்க,” என்று மீன்களிடம் சொன்னாள்.

மூன்றாம் நாள் தொட்டி முழுக்கப் பழுப்பு. தொழில்காரியின் மானம் போயிற்று. தண்ணீரை மாற்ற ஒரு வாளி தெளிந்த நீரைத் தூக்கிவந்து குனிந்தவள், அப்படியே நின்றாள்.

வேரின் பொந்துக்குள் பெண்மீன். வயிறு எண்ணெய்ப்பனைப் பழம்போலச் சிவந்திருந்தது. அதன் தலைக்குமேல், பொந்தின் கூரையில், கடுகைத் தூவியதுபோல் முட்டைகள். வாசலில் ஆண்மீன் காவல்.

அந்தப் பழுப்பு அவளுக்குத் தெரியும். முப்பது வருஷம் எக்வல்லாவின் சட்டைகளில் அதைத் தேய்த்துத் தேய்த்துக் கை காய்த்தவள் அவள். “ஓடையையே உடுத்திக்கிட்டு வர்றியா?” என்று திட்டுவாள். “அழுக்கில்லடி, ஓடைதான். இருந்துட்டுப் போகட்டும்,” என்று அவன் சிரிப்பான். அவன் போன பிறகும் அந்த ஓடையைத்தான் அவள் கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்துச் சாக்கடையில் கொட்டியிருக்கிறாள்.

வாசலில் ந்தும்பேயின் குரல். “ஐயையோ, என்னக்கா இது! தொட்டியா, குட்டையா? சீக்கிரம் மாத்துங்க!”

“சத்தம் போடாத,” என்றாள் எத்தொந்தி.

வாளித் தண்ணீரை அவன் காலடியிலேயே தெருவில் கொட்டினாள். வாளியைத் தொட்டிக்கு எதிரே கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.